பெங்களூரிலிருந்து ஆறு நாள்: குடியரசுத் தலைவர்களின் ஊர்களுக்கு இருவர் போகும் கார் பயணம்

இன்றைய தமிழ்நாட்டு மண்ணில் பிறந்து குடியரசுத் தலைவர் ஆனவர்கள் மூவர்: திருத்தணியில் ராதாகிருஷ்ணன், ராஜாமடத்தில் ஆர். வெங்கட்ராமன், ராமேஸ்வரத்தில் அப்துல் கலாம். அந்தப் பதவி உருவாவதற்கு முன், இன்றைய குடியரசுத் தலைவர் மாளிகையில் கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்த ராஜாஜி பிறந்தது ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளி. ஆந்திரத்திலிருந்து குடியரசுத் தலைவரான நீலம் சஞ்சீவ ரெட்டியின் சமாதி பெங்களூரிலேயே கல்பள்ளி மயானத்தில் இருக்கிறது. ஐந்தையும் ஒரே சுற்றில் கோத்தால் சுமார் 1,500 கி.மீ. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டினால் ஆறு நாளில் நிதானமாக முடியும். நான்கு நாளில் அடித்துப் பிடித்து முடிக்கலாம்தான், ஆனால் அப்போது பார்ப்பது ஊரை அல்ல, சாலையை மட்டும்.

கிளம்புமுன் ஒரு நோட்டு

இந்த இடங்களில் பாதி ரொம்பச் சின்னவை. ஒரு தெரு, ஒரு வீடு, ஒரு பள்ளிக்கூட வாசல், அவ்வளவுதான். கதை தெரியாமல் போனால் பத்து நிமிடத்தில் "சரி, கிளம்பலாமா?" என்று ஆகிவிடும். இந்தப் பயணம் சப்பென்று போவதற்கு முக்கியக் காரணம் இதுதான். அதற்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு பக்கம் ஒதுக்கி, அவர் டெல்லியில் எடுத்த ஒரே ஒரு முடிவை எழுதிக்கொள்ளுங்கள். வாழ்க்கை வரலாறு முழுவதும் வேண்டாம். ஓட்டாதவர் அந்த ஊருக்கு 20 கி.மீ. இருக்கும்போது அதைச் சத்தமாக வாசிக்கட்டும். ஊர் வந்து சேர்வதற்குள் இருவருக்குள்ளும் ஒரு வாக்குவாதம் கிளம்பியிருக்கும். அந்த வாக்குவாதத்தோடு வீட்டு வாசலில் நிற்பதுதான் இந்தப் பயணத்தின் சுவை.

எடுத்துக்காட்டுக்கு வெங்கட்ராமன் பக்கம். 1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. ஆளுநராக இருந்த பர்னாலா அதற்கு அறிக்கை தரவில்லை. அரசியலமைப்பின் 356-ஆம் பிரிவு, ஆளுநரின் அறிக்கை கிடைத்தாலோ 'வேறு வகையிலோ' குடியரசுத் தலைவர் முடிவெடுக்கலாம் என்கிறது. அந்த 'வேறு வகை' என்ற சொல்லை வைத்துத்தான் கையெழுத்து விழுந்தது. போட்டது தஞ்சை மாவட்டத்துக்காரர். சரியா தவறா என்று பட்டுக்கோட்டை வரும்வரை பேசலாம்.

எந்த நாளில், எந்த மாதத்தில்

சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி வியாழக்கிழமை திரும்புவது நல்லது. இப்படி வைத்தால் கலாம் படித்த ராமநாதபுரம் பள்ளிக்குத் திங்கட்கிழமை, வேலை நாளில், போய்ச் சேர்வீர்கள். கலாம் வீடு இருக்கும் பள்ளிவாசல் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை போவீர்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேர நெரிசல் இருக்காது. ஞாயிறு மாலை ஓசூர் ரோட்டில் ஊர்ந்து பெங்களூருக்குள் நுழையும் கொடுமையும் தப்பும். லீவு நான்கு நாள் போதும்.

மாதம் என்றால் பொங்கல் கழிந்து மார்ச் முதல் வாரம் வரை. அதற்குள் தை அமாவாசை வந்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், ராமேஸ்வரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ஆடி அமாவாசைக்கும் அதே கதை. திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 இரவு படித்திருவிழாவுக்கும் ஊரே நிரம்பிவிடும். அக்டோபர் பாதி முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ராமநாதபுரம் கடற்கரைச் சாலைக்கு அது உகந்த காலம் இல்லை. ஜூலை 27 கலாமின் நினைவு நாள், அக்டோபர் 15 பிறந்த நாள். அந்த இரு நாளும் நினைவகத்தில் வி.ஐ.பி. வருகையும் பள்ளிப் பிள்ளைகளின் வரிசையுமாக இருக்கும். அமைதியாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அவை ஆகாது.

காரும் காகிதமும்

சொந்தக் கார், வெள்ளை நம்பர் பலகை என்றால் கர்நாடகப் பதிவோடு தமிழ்நாட்டுக்குள் போக தனி பர்மிட் தேவையில்லை. செல்ஃப் டிரைவ் வாடகைக் கார் என்றால் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கும். அதற்கு வெளிமாநில அனுமதி எடுத்திருக்கிறார்களா, வரி யார் கட்டுவது என்பதை முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அத்திப்பள்ளி எல்லையில் நின்றுகொண்டு அந்தப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, இருவரின் லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருக்கட்டும். சிக்னல் இல்லாத இடத்துக்காக ஒரு செட் ஜெராக்ஸ் டேஷ்போர்டில் போடுங்கள்.

லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கும் பெட்ரோல் கார் என்றால் சுமார் 100 லிட்டர் பிடிக்கும். டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள், முக்கியமாக மூன்றாம் நாள் கடற்கரைச் சாலையில். பட்டுக்கோட்டையில் நிரப்பிவிட்டால் ராமேஸ்வரம் வரை கவலை இல்லை. ஃபாஸ்டேகில் பணம் குறைந்தால் சாவடியிலேயே மாட்டிக்கொள்வீர்கள். ஃபாஸ்டேக் இல்லாமல் கட்டினால் கட்டணம் கூடும். ஆண்டுப் பாஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள், அது தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளுக்கு மட்டும்தான்.

டயருக்கு உங்கள் கார்க் கதவில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்று, பெரும்பாலும் 32 அல்லது 33. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பாருங்கள், நிறையப் பேர் விட்டுவிடும் இடம் அது. சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன காற்றுப் பம்ப் ஒன்று கட்டாயம். ஏன் என்பது தனுஷ்கோடியில் தெரியும்.

செலவுக்கு ஒரே பர்ஸ். கிளம்பும்போதே இருவரும் சம அளவு போட்டு, ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அந்தந்த இடத்தில் "நீ கொடு, நான் கொடுக்கிறேன்" என்று ஆரம்பித்தால் நான்காம் நாளில் கணக்கு யாருக்கும் தெரியாது. ஓட்டுவதில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றம், தூக்கம் வரவில்லை என்றாலும் சரி.

முந்தின நாள் மாலை: கல்பள்ளி

கல்பள்ளிக்கு வெள்ளிக்கிழமை மாலையே போய்வந்துவிடுங்கள். கிளம்பும் நாள் விடியற்காலையில் மயானம் திறந்திருக்கும் என்று நம்பக் கூடாது. இடம் பெரியது. காவலரிடம் "சஞ்சீவ ரெட்டி சமாதி" என்று கேட்டுப் போவதே சுருக்கு வழி. அடக்கம் நடந்துகொண்டிருந்தால் ஒதுங்கி நில்லுங்கள், கேமராவை எடுக்க வேண்டாம்.

அனந்தப்பூர் மாவட்டம் இல்லூரில் 1913-இல் பிறந்தவர், 1996 ஜூன் 1 அன்று பெங்களூரில் காலமானார். 1969-இல் வி.வி. கிரியிடம் தோற்றவர், 1977-இல் போட்டியே இல்லாமல் வென்றார். மனு போட்டவர்கள் 37 பேர். அதில் 36 மனுக்கள் தள்ளுபடி, மிஞ்சியது இவருடையது. நோட்டில் இவர் பக்கத்தில் எழுத வேண்டியது 1979: பிரதமர் சரண்சிங் நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே விலகியபோது, ஆட்சி அமைக்க ஜனதா கட்சியின் ஜகஜீவன் ராமை அழைக்காமல் மக்களவையைக் கலைத்தது.

முதல் நாள்: வேலூர் வழியாகத் திருத்தணி

காலை 5 மணிக்கு சில்க் போர்டைத் தாண்டிவிடுங்கள். சனிக்கிழமை 6:30-க்கு மேல் எலெக்ட்ரானிக் சிட்டி முதல் ஓசூர் வரை ஊரே வெளியே கிளம்பும். கிருஷ்ணகிரி 90 கி.மீ. அங்கிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வேலூர் இன்னொரு 120. தொரப்பள்ளியை இப்போது தாண்டிப் போங்கள், அது திரும்பும்போது. காலை 6 மணிக்கு நினைவு இல்லம் திறந்திருக்காது, திறக்கும்வரை காத்திருந்தால் முதல் நாள் திட்டமே சரிந்துவிடும்.

வேலூர் ஊரிசுக் கல்லூரி ராதாகிருஷ்ணன் படித்த இடம். இன்றும் இயங்கும் கல்லூரி என்பதால் வாசலில் அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 20 நிமிடம் போதும். பிறகு வாலாஜா, சோளிங்கர் வழியாகத் திருத்தணி.

எல்லோரும் திருத்தணி என்றால் மலைக்கோயிலைத்தான் நினைப்பார்கள். யாரிடம் வழி கேட்டாலும் கையும் மலைப்பக்கம்தான் நீளும். "ராதாகிருஷ்ணன் பிறந்த வீடு, லைப்ரரி" என்று தெளிவாகக் கேளுங்கள். அந்த வீடு நூலகமாக மாறியிருக்கிறது. அங்கே பெரிய கண்காட்சி எதையும் தேட வேண்டாம். 1888 செப்டம்பர் 5 அன்று பிறந்த ஒரு பிள்ளை, திருப்பதியிலும் வேலூரிலும் உதவித்தொகையில் படித்து, மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவம் சொல்லிக்கொடுத்து, 1962-இல் 340 அறைகள் உள்ள மாளிகைக்குப் போனார். அந்தத் தெருவின் அகலத்தைக் காலடியால் அளந்துவிட்டு அந்த எண்ணை நினைத்துப் பாருங்கள். இவர் பக்கத்தில் எழுத வேண்டியது 1962 அக்டோபர் 26, சீனப் போரின்போது முதன்முறையாக நெருக்கடி நிலை. அவர் 1967-இல் பதவியை விட்டு இறங்கியபோதும் அது நீங்கவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டு போங்கள். திருத்தணி முன்பு ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960-இல்தான். ஊர்ப் பேச்சில் தெலுங்கு காதில் விழுந்தால் வியப்படைய வேண்டாம்.

மலைக்கு 365 படி. உச்சி வெயிலில் ஏற வேண்டாம், கல் சுடும். மாலை 5 மணிக்கு ஏறி இறங்கிவிட்டு, 40 கி.மீ. சொச்சம் ஓட்டிக் காஞ்சிபுரத்தில் தங்குங்கள். அங்கே அறைகளும் அதிகம், மறுநாள் காலைக்கும் தோது.

இரண்டாம் நாள்: உத்திரமேரூரில் ஒரு மணி நேரம்

இந்த நிறுத்தத்தைத் தவற விடாதீர்கள். குடியரசுத் தலைவர் யாரும் இங்கே பிறக்கவில்லை. ஆனால் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது: ஊர்ச் சபைக்குக் குடவோலை முறையில் ஆள் எடுக்கும் விதி. ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வரி கட்டும் கால்வேலி நிலம் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள் போகாது. 919-ஆம் ஆண்டு விதியில் வயது 30 முதல் 60. இரண்டே வருடத்தில் திருத்தி, 35 முதல் 70 ஆக்கினார்கள். நம் அரசியலமைப்பின் 58-ஆம் பிரிவில் குடியரசுத் தலைவருக்குக் குறைந்தபட்ச வயது என்ன என்று நண்பரிடம் கேளுங்கள். அதே 35.

எழுத்துகள் நேர் வெயிலில் தட்டையாகித் தெரியாது. காலை 8 மணி வாக்கில், வெளிச்சம் சாய்வாக விழும்போது போனால் வெட்டு வெட்டாக நிழல் பிடித்துத் தெரியும். மாலையில் போகிறீர்கள் என்றால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எழுத்தின் மேல் விரலோ சுண்ணாம்போ மாவோ வைக்கக் கூடாது.

அங்கிருந்து விழுப்புரம், கும்பகோணம், தஞ்சாவூர். அன்றைய மொத்தம் சுமார் 300 கி.மீ. கும்பகோணத்தில் காபிக்கு நிறுத்துங்கள், இரவு தஞ்சையில். அறுவடைக் காலத்தில் டெல்டாச் சாலைகளில் ஒரு பாதியில் நெல் காயும், வைக்கோலும் கிடக்கும். வைக்கோல் மேல் வேகமாக ஏற்றாதீர்கள். அடியில் சுற்றி, சூடான சைலன்சரில் ஒட்டினால் புகையும், தீப்பிடிக்கவும் செய்யும். தவிர்க்க முடியாமல் ஏறிவிட்டால் அடுத்த அரை கிலோமீட்டருக்குள் ஓரம் கட்டி, குனிந்து பார்த்து, குச்சியால் இழுத்துப் போடுங்கள்.

மூன்றாம் நாள்: ராஜாமடம், கடற்கரைச் சாலை

தஞ்சையிலிருந்து பட்டுக்கோட்டை 48 கி.மீ. வழியில் ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி கட்டிய முத்தாம்பாள் சத்திரம். ராமேஸ்வரம் போகும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டியர்கள் சாலை நெடுக இப்படிச் சத்திரம் கட்டினார்கள். நீங்கள் ஓட்டிக்கொண்டிருப்பதும் அந்தப் பழைய சேதுச் சாலைதான்.

ராஜாமடம் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, அதிராம்பட்டினம் பக்கம். 1910 டிசம்பர் 4 அன்று வெங்கட்ராமன் பிறந்த ஊர். கலாமுக்கு இருப்பது போன்ற நினைவகத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாறுவீர்கள். ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு நடங்கள். டீக்கடையில் "ஐயா, ஆர்.வி. பொறந்த வீடு எந்தப் பக்கம்?" என்று ஆரம்பித்தால் போதும். காரை ஊர் முகப்பிலேயே நிறுத்துங்கள். குடியிருக்கும் வீடுகளைக் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம்.

இங்கே இன்னொரு முடிச்சு இருக்கிறது. 1983-இல் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியபோது பாதுகாப்பு அமைச்சர் வெங்கட்ராமன், திட்டத்தின் தலைமை கலாம். அக்னியும் பிருத்வியும் அதில் வந்தவை. ராஜாமடத்திலிருந்து ராமேஸ்வரத்துக்கு ஒரே நாளில் கடற்கரையோரமாக ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

ராஜாமடம் தாண்டி மல்லிப்பட்டினம் அருகே சரபோஜி கட்டிய மனோரா கோபுரம் பதினைந்து நிமிடத்தில் முடியும். பிறகு மணமேல்குடி, மீமிசல், தொண்டி, தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம், சுமார் 125 கி.மீ. சாலை நேர்தான், ஆனால் ஆடுகளும் முன்னறிவிப்பில்லாத வேகத்தடைகளும் உண்டு. இருட்டிய பின் இந்தச் சாலை வேண்டாம்.

ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளியில் கலாம் படித்தார். பள்ளி நடக்கும் நேரம், அதனால் அலுவலகத்தில் பெயர் சொல்லி அனுமதி வாங்கிய பிறகே உள்ளே. பிள்ளைகளைப் படம் எடுக்கக் கூடாது. மாலை 4 மணிக்கு அங்கிருந்து கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே பாம்பன் பாலம். 1988-இல் திறந்த சாலைப் பாலம், சுமார் 2.3 கி.மீ. நீளம். நடுவில் நிறுத்தி எட்டிப் பார்ப்பவர்களால்தான் நெரிசல் ஆகிறது, நீங்கள் நிறுத்த வேண்டாம். பக்கக் காற்று பலமாக இருக்கும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில், வேகம் 40. கீழே 2025 ஏப்ரலில் திறந்த புதிய செங்குத்துத் தூக்கு ரயில் பாலம் தெரியும், 1914-இல் திறந்த பழைய பாலத்துக்குப் பதிலாக வந்தது. பார்ப்பது பக்கத்தில் இருப்பவர் வேலை.

நான்காம் நாள்: ராமேஸ்வரம்

கோயிலில் 22 தீர்த்தமும் ஆட நினைத்தால் விடியற்காலை 5 மணிக்கே. இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், மாற்றுத் துணி வேண்டும், கைப்பேசியை அறையில் விட்டுச் செல்லுங்கள். பிறகு காரை எடுக்காமல் நடந்தே பள்ளிவாசல் தெருவுக்குப் போங்கள். குறுகிய தெரு, காரை நுழைத்தால் பின்னால்தான் எடுக்க வேண்டும். கலாம் வீட்டின் மாடியில் அருங்காட்சியகம். அதிக நேரம் நிற்க விடாமல் பின்னால் வரிசை தள்ளும், அதனால் காலை 9 மணிக்கே போய்விடுங்கள்.

பேக்கரும்பு நினைவகம் பாம்பனிலிருந்து ஊருக்குள் வரும் சாலையிலேயே இருக்கிறது. 2015 ஜூலை 30 அன்று கலாம் அடக்கம் செய்யப்பட்ட இடம். கட்டியது அவர் வேலை பார்த்த பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் டி.ஆர்.டி.ஓ.; திறந்தது 2017 ஜூலை 27. முன்வாசல் இந்தியா கேட் சாயல், மேலே குடியரசுத் தலைவர் மாளிகையின் குவிமாடச் சாயல். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. அதையே நல்லதாக எடுத்துக்கொண்டு, வீணை வாசிக்கும் சிலை முன்னால் கொஞ்சம் நில்லுங்கள். இவர் பக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். 2005 மே மாதம் மாஸ்கோவில் இருந்தபடியே பீகார் சட்டசபையைக் கலைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டார், பின்னர் அதை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதற்கு மறுவருடம், எம்.பி.க்கள் சில அரசுப் பதவிகளையும் வகிக்க வழிவிடும் ஆதாயப் பதவி மசோதாவைக் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பினார். இரண்டும் ஒரே மனிதரின் கைதான்.

மதியம் 2 மணிக்கு தனுஷ்கோடி. மாலை 5 மணிக்கு மேல் வண்டிகளை உள்ளே விடமாட்டார்கள். கலாமின் அப்பா ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே யாத்திரிகர்களைப் படகில் ஏற்றிப் போனவர். சிறுவன் கலாம், போர்க்காலத்தில் ரயில் நிற்காமல் போனபோது அதிலிருந்து வீசிய செய்தித்தாள் கட்டுகளைப் பொறுக்கியது இந்தத் தடத்தில்தான். 1964 டிசம்பர் புயல் அந்த ஊரையும் ரயிலையும் கொண்டுபோனது.

தார்ச்சாலையை விட்டு ஒரு சக்கரத்தைக்கூட மணலில் இறக்காதீர்கள். இறங்கிப் புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க குழிதான் ஆழமாகும். நான்கு டயரிலும் காற்றை 18 அல்லது 20-க்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் கையால் மணலைத் தோண்டி எடுத்து, காரின் கால்மிதியைச் சக்கரத்தின் அடியில் கொடுத்து, ஸ்டியரிங் நேராக, இரண்டாவது கியரில் மெதுவாக எடுங்கள். தார் ஏறியதும் பம்ப்பால் பழைய அளவுக்குக் காற்றடியுங்கள். காற்றில்லாத டயரோடு வேகமாக ஓட்டினால் டயர் பக்கவாட்டில் கிழியும்.

ஐந்தாம், ஆறாம் நாள்: சேலம், தொரப்பள்ளி

ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கி.மீ., திண்டுக்கல், கரூர் வழியாகச் சேலம் 400 வரும். வழியில் வாட்டர் வாஷ் கொடுத்து வண்டியின் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் அடிக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்றோடும் மணலோடும் விட்டால் போல்ட்டுகள் துருப்பிடிக்கும். ஒரே மூச்சில் பெங்களூர் போய்விடலாம் என்று தோன்றும். போனால் தொரப்பள்ளியை இருட்டில் தாண்டுவீர்கள். சேலத்தில் தங்குங்கள்.

வியாழன் காலை 7 மணிக்குக் கிளம்பி, கிருஷ்ணகிரி, சூளகிரி தாண்டி, ஓசூருக்கு முன்னால் தொரப்பள்ளிக்குத் திரும்புங்கள். 10 மணிக்கு அங்கே இருக்கலாம். 1878 டிசம்பர் 10 அன்று ராஜாஜி பிறந்த வீடு, நினைவு இல்லமாக வைத்திருக்கிறார்கள். பூட்டியிருந்தால் உடனே திரும்ப வேண்டாம், பராமரிப்பவர் பெரும்பாலும் அக்கம்பக்கத்தில்தான் இருப்பார், தெருவில் கேளுங்கள்.

நோட்டின் கடைசிப் பக்கத்தை இங்கே வாசியுங்கள். 1950 ஜனவரி 26 காலை, டெல்லி மாளிகையின் தர்பார் மண்டபம். ராஜாஜி இந்தியா குடியரசானது என்று அறிவிப்பை வாசிக்கிறார், மணி 10:18. ஆறு நிமிடம் கழித்து ராஜேந்திர பிரசாத் பதவியேற்கிறார். கவர்னர் ஜெனரல் என்ற பதவியே அத்தோடு இல்லாமல் போகிறது. தன் நாற்காலியைத் தானே முடித்துவைக்கும் வாசகத்தைப் படித்த மனிதர் பிறந்த வீடு இது. இருவரில் யாருக்குக் குரல் நன்றாக இருக்கிறதோ அவர் வாசிக்கட்டும்.

மதியம் 1 மணிக்கு முன் கிளம்பினால் அத்திப்பள்ளி, எலெக்ட்ரானிக் சிட்டி எல்லாம் ஓரளவு காலியாக இருக்கும். 4 மணிக்கு மேல் பொம்மனஹள்ளியில் நிற்க வேண்டிவரும்.